மலைக்கு முன்னால் எப்படி நிற்பது: பொதுக் கட்டடத்துக்கு ஐந்து வழிகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்று ஓர் ஊர். கிழக்கே கண்ணுக்கு எட்டிய வரை சமவெளி. மேற்கே அது சட்டென்று முடிந்து மலை எழுந்துவிடுகிறது. ஊரின் விளிம்பில் செம்மணற்கல் பாளங்கள், சாய்த்து வைத்த பெரிய கதவுகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. பழைய இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு போல இருப்பதால் அவற்றுக்கு ஃபிளாட்டயர்ன்ஸ் என்று பெயர் வந்தது. கல்லின் வயது சுமார் 30 கோடி ஆண்டு.

அந்தப் பாளங்களுக்கு நேர் முன்னால் ஒரு தட்டை மேடு. 1961இல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையம் தன் ஆய்வுக்கூடத்தை அந்த மேட்டின் மேல் கட்ட விரும்பியது. ஊர்க்காரர்கள் அதற்கு இரண்டு வருடம் முன்புதான் வாக்களித்து ஒரு கோடு போட்டிருந்தார்கள்: 5,750 அடி உயரத்துக்கு மேல் நகரத்தின் தண்ணீர் இணைப்பு கிடையாது. தண்ணீர் ஏறாவிட்டால் வீடுகளும் ஏறாது, மலை மலையாகவே இருக்கும் என்பது கணக்கு. ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்க 1961இல் மறுபடி வாக்கெடுப்பு நடந்து, விலக்கும் கிடைத்தது. கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய் வரையத் தொடங்கியபோது அந்த மேடு ஊர் மக்கள் மனம் வைத்து விட்டுக்கொடுத்த இடமாக இருந்தது.

இந்த மாதிரி இடங்களில் கட்ட வேண்டி வரும்போது என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. கட்டுமானத் தளங்களில் பல வருடம் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்: ‘இயற்கையோடு இணைந்த கட்டடம்’ என்று எல்லா அறிக்கையிலும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான ஐந்து வழிகள் அடங்கியிருக்கின்றன. மலையைப் போலவே ஆகிவிடலாம். மலையிடம் கற்றுக்கொண்டு தனியாக நிற்கலாம். எதிரே நிமிர்ந்து நிற்கலாம். மண்ணுக்குள் புதைந்துகொள்ளலாம். அல்லது விலகிப் போய்விடலாம்.

கல்லோடு கல்லாக

முதல் வழிக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் அரிசோனாவில், கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் அங்கே 1905 முதல் முப்பது வருடம் பல கட்டடங்களை உருவாக்கினார். 1914இல் அவர் கட்டிய லுக்அவுட் ஸ்டுடியோவின் கூரைக்கோடு பாறையின் விளிம்பைப் போலவே ஒழுங்கில்லாமல் ஏறி இறங்குகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பாறை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்று சட்டென்று பிடிபடாது. 1932இல் கட்டிய டெசர்ட் வியூ காவற்கோபுரம் 70 அடி உயரம். அந்த நிலத்தில் பல நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மூதாதைப் புவெப்லோ மக்களின் கற்கோபுரங்களை நேரில் போய்ப் பார்த்து, அவற்றின் வழியில் கட்டியது. வெட்டிச் செதுக்கிய கல் வேண்டாம், வெயிலும் மழையும் பட்ட முகம் வெளியே தெரிய வேண்டும் என்று கற்களைப் பொறுக்கி எடுத்தார்கள். உள்ளே ஹோப்பி பழங்குடி ஓவியர் ஃபிரெட் கபோட்டி சுவர்ச் சித்திரங்கள் வரைந்தார்.

இந்தக் கோபுரத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒவ்வொரு கல்லையும் கண்ணால் தேர்ந்தெடுத்து வைப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் என்பது கொத்தனார் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, அந்தக் கல் சுவருக்குள் எஃகுச் சட்டம் இருக்கிறது. வருகிறவர்களில் பலர் அதை உண்மையிலேயே பழங்காலக் கோபுரம் என்று நினைத்துவிடுகிறார்கள். கோல்ட்டரே இதை உணர்ந்துதான் வழிகாட்டிகளுக்காக ஒரு நீண்ட கையேடு எழுதி, இது எந்தப் பழைய கோபுரத்தின் நகலும் அல்ல என்று விளக்கினார். இன்னொன்று, ஒரு மக்களின் வடிவத்தை உணவகமும் விடுதியும் நடத்திய ஒரு நிறுவனம் தன் கடைக்காக எடுத்துக்கொண்டது. இன்று அந்த இடத்தைப் பழங்குடியினரின் பண்பாட்டு மையமாக மாற்றும் வேலை நடக்கிறது. அது நியாயமான திருத்தம் என்றே நினைக்கிறேன்.

நடைமுறையில் பார்த்தால், இந்த வழி சின்னக் கட்டடத்துக்குத்தான் பொருந்தும். 70 அடிக் கோபுரத்தைக் கல்லாகக் காட்டலாம். நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தைப் பாறையாகக் காட்டப் போனால், கான்கிரீட் சுவரில் கல் பட்டை ஒட்டிய ஓட்டல் முகப்பாகத்தான் முடியும். கோல்ட்டரின் உழைப்பு இல்லாமல் அவருடைய வடிவத்தை மட்டும் எடுத்தவர்களின் கட்டடங்கள் உலகம் முழுக்க அப்படித்தான் நிற்கின்றன.

கற்றுக்கொண்டு நிற்பது

சரி, பெய்க்கு வருவோம். அவர் நியூயார்க்கில் நகரக் கட்டடங்கள் கட்டிக்கொண்டிருந்தவர். ராக்கி மலைத்தொடர் முன்னால் நகரத்து அளவுகோல் எதுவும் வேலைக்கு ஆகவில்லை. எவ்வளவு உயரமாக வரைந்தாலும் பின்னால் நிற்கும் மலை அதைப் பொம்மையாக்கிவிடும். அவர் கொலராடோவின் தென்மேற்கே மேசா வெர்டேக்குப் போனார். அங்கே செங்குத்துப் பாறையின் குடைவுகளுக்குள் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அதே புவெப்லோ மூதாதையர் கட்டிய குடியிருப்புகள் இருக்கின்றன. அவற்றில் பெரியதான கிளிஃப் பேலஸில் சுமார் 150 அறைகள். நின்ற இடத்துக் கல்லையே எடுத்து, அந்தப் பாறையின் நிறத்திலேயே, தெளிவான கனவடிவங்களாகக் கட்டியவை. அவை பாறையாக வேடம் போடவில்லை. மனிதர் கட்டியவை என்பது பார்த்த உடனே தெரிகிறது, இருந்தாலும் அந்நியமாக இல்லை.

கோல்ட்டரும் பெய்யும் போய் நின்றது ஒரே மக்களின் கட்டடங்களுக்கு முன்னால். கோல்ட்டர் அங்கிருந்து உருவத்தை எடுத்து வந்தார். பெய் எடுத்து வந்தது அவர்கள் கட்டிய முறையை. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

அந்த முறை போல்டரில் மூன்று விதமாக வேலை செய்கிறது. முதலாவது நிறம். அருகிலிருக்கும் செம்மணற்கல்லை உடைத்து, அரைத்து, ஜல்லியாகவும் மணலாகவும் கான்கிரீட்டில் கலந்தார்கள். சென்டரிங் பிரித்த பிறகு சுவரின் முகம் முழுவதையும் சுத்தியலால் கொத்திவிட்டார்கள். நம் ஊர்த் தெருக்களில் ‘அம்மி கொத்தலையோ’ என்று கூவிக்கொண்டு வருவார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான். அம்மி வழுவழுப்பாகிவிட்டால் அரைக்காது என்று உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்துவோம். இங்கே வழுவழுப்பான சிமென்ட் பால் உதிர்ந்து உள்ளே இருக்கும் செங்கல் நிற ஜல்லி வெளியே தெரிவதற்காகக் கொத்தினார்கள். பூச்சும் இல்லை, பெயின்டும் இல்லை. காலை வெயிலில் பின்னால் இருக்கும் பாளங்கள் சிவக்கும்போது சுவரும் கூடவே சிவக்கிறது.

இரண்டாவது அளவு. ஐந்து மாடி உயரத்தில் இரண்டு கோபுரத் தொகுதிகள். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர் மாடிகளை எண்ண முடியாது. சன்னல்கள் மாடிக்கு மாடி வரிசையாக இல்லாமல், மேலிருந்து கீழ் வரை ஒடுங்கிய நிழல் பிளவுகளாக ஓடுகின்றன. எத்தனை மாடி என்று தெரியாதபோது எவ்வளவு உயரம் என்றும் மனசு கணக்குப் போடாது. மலையோடு போட்டி போடும் பேச்சே அங்கே எழவில்லை. இது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான தீர்வு என்பதை, மலையடிவாரத்தில் வரிசை வரிசையான சன்னல்களும் பால்கனிகளுமாக நிற்கும் விடுதிகளைப் பார்த்தால் புரியும். அவை ஒவ்வொன்றும் பின்னால் இருக்கும் மலைக்கு ஓர் அளவுகோலை நட்டு வைத்தது மாதிரி அதைச் சின்னதாக்கிவிடுகின்றன.

மூன்றாவது சாலை. இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நான் ஒரு மலையூரில் வேலை பார்த்த ஒரு தளத்தில் கட்டடத்தின் வரைபடத்துக்கு எட்டு மாதம் செலவழித்தார்கள். அதற்குப் போகும் சாலையை முடிவுசெய்ய ஒரு மதியம்தான் ஆனது. பொக்லைன் வந்து சரிவை நேராக வெட்டியது. அடுத்த மழையில் மண் சரிந்து, தடுப்புச் சுவர் கட்டி, அதற்கு மேல் இன்னொரு சுவர் கட்டி, இன்று கீழே பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் கட்டடம் தெரியாது, அந்த வெட்டுக்காயம்தான் தெரியும். போல்டரில் சாலை மேட்டின் வளைவோடு வளைந்து ஏறுகிறது. கட்டடம் ஒரு தடவை தெரிகிறது, மறைகிறது, வேறு கோணத்தில் மறுபடி தெரிகிறது. நிலத்துக்கும் காயம் குறைவு, வருகிறவருக்கும் மலையோடு பழக நேரம் கிடைக்கிறது. மேட்டின் மிச்ச நிலத்தை மையத்தின் முதல் இயக்குநர் வால்ட்டர் ஆர் ராபர்ட்ஸ் அப்படியே புல்வெளியாக விட்டுவிடச் சொன்னார். கட்டடத்தின் பின்புறமிருந்தே பொதுமக்கள் நடைபாதைகள் மலைக்குள் போகின்றன. யார் வேண்டுமானாலும் போகலாம்.

குறைகளும் உண்டு. ஒடுங்கிய பிளவுச் சன்னல் வெளியிலிருந்து அழகு. உள்ளே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவு பெரிய மலை அந்த இடுக்கு வழியாகத்தான். தெற்கே இன்னொரு கோபுரத் தொகுதி வரைபடத்தில் இருந்தது, பணம் போதாமல் கட்டாமல் விட்டார்கள், அதனால் தொகுப்பு பாதியில் நின்ற மாதிரி சிலருக்குப் படுகிறது. ஆய்வாளர்கள் தற்செயலாகச் சந்தித்துப் பேச வேண்டும் என்று வேண்டுமென்றே சுற்றி வளைத்த தாழ்வாரங்களில் புதிதாக வருகிறவர்கள் வழி தவறுகிறார்கள்.

ஆனாலும் இந்தக் கட்டடம் அந்த மண்ணின் சீற்றத்தையும் தாங்கியிருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் குளிர்காலக் காற்று அங்கே மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். 2022 மார்ச்சில் மையத்தின் அருகிலேயே காட்டுத்தீ பிடித்து சுமார் 190 ஏக்கர் எரிந்தது. கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மலை ஊரில் மரத்தால் கட்டினால்தான் இயற்கை என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

எதிரே நிமிர்வது

போல்டரிலிருந்து தெற்கே, இரண்டு மணி நேரக் கார் பயணத்துக்குள், அதே மலைத்தொடரின் அடிவாரத்தில் அமெரிக்க விமானப்படைக் கழகம் இருக்கிறது. அதன் வழிபாட்டுக் கூடம் 1962இல் முடிந்தது. வால்ட்டர் நெட்ச் வடிவமைத்தது. வரிசையாக 17 கூர்முனைகள், 150 அடி உயரம், அலுமினியம். எஃகுக் குழாய்களால் ஆன 100 நான்முகச் சட்டங்களை அடுக்கி, நடுவே வண்ணக் கண்ணாடிப் பட்டைகள் வைத்துக் கட்டியது. பச்சை மலைக்கு முன்னால் அது வெள்ளி வாள்களின் வரிசை போல மின்னுகிறது. கட்டும் முன்பே அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்புப் பேச்சு எழுந்தது. இன்று அது தேசிய வரலாற்றுச் சின்னம்.

நான் இதை வெறுக்கவில்லை. பறப்பதைக் கற்றுக்கொடுக்கும் கழகத்தில், வழிபாட்டுக்கு என்று எழுந்த கூடம், மேல்நோக்கி நிமிர்வதில் பொருள் இருக்கிறது. பின்னணியில் மலை இருப்பதால்தான் அந்தக் கூர்மைகள் அவ்வளவு கூர்மையாகத் தெரிகின்றன. நம் மலைக்கோட்டைகளும் குன்றின் மேல் கோபுரங்களும் கூட இந்த வகைதான். குன்றத்துக்கோயில் குன்றோடு கரைந்துபோக வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

பிரச்சினை ஒழுகல். நெட்ச் வரைந்ததில் பலகைகளுக்கு அடியில் மழைநீரை வடிக்கும் தகடுகள் இருந்தன. செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டு, இணைப்புகளில் பசை அடைத்தார்கள். கொலராடோவில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை பெரிதாக மாறும். அலுமினியம் நீண்டு சுருங்கும்போது பசை விரிந்துவிடும். கட்டிய காலத்திலிருந்தே தண்ணீர் இறங்கியது. பல பத்தாண்டு அடைத்து அடைத்துப் பார்த்து, கடைசியில் 2019 செப்டம்பரில் கூடத்தை மூடி, அதைச் சுற்றி ஒரு பிரம்மாண்டமான கொட்டகை போட்டு, பலகைகளைக் கழற்றும் வேலையைத் தொடங்கினார்கள். மலைக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் கட்டடம் மலையின் வானிலையையும் நேருக்கு நேர் சந்திக்கிறது. அதைப் பராமரிக்கத் தொடர்ந்து பணம் ஒதுக்க முடியாத ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ இந்த வழி வேண்டாம் என்றே சொல்வேன். செலவைக் குறைக்கத் தரமான வடிகால் தகட்டை முதலில் நீக்குவது எந்த நாட்டு மதிப்பீட்டிலும் நடக்கிற கதைதான்.

புதைவதும் விலகுவதும்

புதைந்துகொள்வதற்கு வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே நல்ல உதாரணம். சுமார் 40,000 எரிமலைக்கல் தூண்கள் கடலுக்குள் இறங்கும் அந்தக் கரையில் முன்பு இருந்த பார்வையாளர் மையம் 2000இல் எரிந்துபோனது. 2012இல் வந்த புதிய மையத்தில் ஹெனகன் பெங் நிறுவனத்தார் நிலத்தில் இரண்டு மடிப்புகள் போட்டார்கள். ஒரு மடிப்பைத் தூக்கி அதன் கீழே மையம், மேலே புல். இன்னொன்றைத் தாழ்த்தி அதற்குள் கார் நிறுத்துமிடம். கடற்கரைப் பக்கமிருந்து பார்த்தால் கார்கள் மறைந்துவிடுகின்றன என்பதுதான் எனக்குப் பிடித்தது. கட்டடத்தைப் பற்றியே பேசுகிறோம், ஆனால் காட்சியைக் கெடுப்பதில் தகரக்கூரைகளுக்கு இணையாகக் கார்களும் உண்டு. புதைப்பதற்கு மண் ஒத்துழைக்க வேண்டும். கெட்டிப் பாறையில் வெடி வைத்துப் புதைத்தால், மறைக்கப் போன காயத்தைவிடப் பெரிய காயம் வரும்.

விலகி நிற்பது இன்னும் எளிமையானது. யூட்டாவின் சயான் பள்ளத்தாக்கில் ஒடுங்கிய அடிவாரச் சாலையில் கார்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. 2000இல் பள்ளத்தாக்கின் வாயிலில் புதிய பார்வையாளர் மையம் திறந்து, சீசனில் உள்ளே பஸ் மட்டும் என்று ஆக்கினார்கள். காட்சிப் பலகைகளில் பலவற்றை வெளியே நிழலில் வைத்துவிட்டதால் கட்டடமே சின்னதாகிவிட்டது. அதன் கோபுரங்கள் அலங்காரத்துக்கு இல்லை: உச்சியில் ஈர மெத்தைகள், அவற்றின் வழியே நுழையும் பாலைவனக் காற்று குளிர்ந்து கனத்து, தானாகக் கீழே இறங்கி அறைகளைக் குளிர்விக்கிறது. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல.

இலங்கையிலும் இப்படி ஒரு முடிவு நடந்தது. சிகிரியாப் பாறையின் அருகே விடுதி கட்டத் தந்த இடத்தைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா மறுத்தார். பல கிலோமீட்டர் தள்ளி, கண்டலம குளத்தின் கரையில் ஒரு பாறைச்சரிவைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து சிகிரியா தூரத்தில் நீருக்கு அப்பால் தெரியும். 1994இல் திறந்த அந்த விடுதி இன்று கொடிகளுக்குள் மறைந்திருக்கிறது. அது தனியார் விடுதி, பொதுக் கட்டடம் அல்ல. குளத்துக்குக் கேடு வரும் என்று அன்று உள்ளூர் மக்களும் துறவிகளும் போராடினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு பாறையிலிருந்து விலகினால் இன்னொரு கரையில் போய்த்தான் நிற்போம். ஆனாலும் அதிகப் புகழ் பெற்ற இடத்தை ‘வேண்டாம்’ என்று சொல்லத் துணிந்த கலைஞர் அபூர்வம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

என் முடிவு இது. மக்கள் அந்த மலையையோ பாறையையோ பார்ப்பதற்கென்றே வருகிற இடமாக இருந்தால், விலகி நிற்பதே முதல் தேர்வு, சயான் மாதிரி. அங்கே கட்டடத்தின் வேலை காரை வாங்கி வைத்துக்கொண்டு மனிதரை அனுப்புவது. அதற்கு மலையின் காலடியில் நிற்க வேண்டியதில்லை. மண் வளைந்து கொடுக்கும் இடமாக இருந்தால் கார்களை மட்டுமாவது புதைக்கலாம்.

ஆய்வுக்கூடம், கல்லூரி, நூலகம், மருத்துவமனை போல அங்கேயே தினமும் வேலை நடக்க வேண்டிய கட்டடம் என்றால், பெய் போன வழி. நிலத்தின் கல்லை ஜல்லியாக்கு, மாடிகளை வெளியே எண்ணவிடாதே, சாலையை நிலத்தின் வளைவோடு போடு. சன்னலை மட்டும் அவரைவிடத் தாராளமாக வைப்பேன், ஆழமான நிழல் தாழ்வாரத்துக்குப் பின்னால். அப்படி வைத்தால் தூரத்துக்கு நிழல் மட்டும்தான் தெரியும், உள்ளே இருப்பவருக்கு மலை முழுசாகக் கிடைக்கும். எதிரே நிமிர்வதை, அந்த நிமிர்வுக்கே ஒரு பொருள் இருக்கும் கட்டடத்துக்கு மட்டும், பராமரிப்புப் பணம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தால் மட்டும் யோசிக்கலாம். கல்லோடு கல்லாவது, கோல்ட்டர் மாதிரி ஒவ்வொரு கல்லையும் நின்று தேர்ந்தெடுக்க ஆள் இருக்கும்போது, சின்னதாக.

இவற்றில் எதை எடுத்தாலும் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தில் கட்ட அனுமதி கேட்பவர்கள், வரப்போகும் கட்டடத்தின் மூலைகளிலும் கூரை உயரத்திலும் கம்பங்களை நட்டு வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் வாரக்கணக்கில் அதைப் பார்த்து, வேண்டுமானால் ஆட்சேபிக்கலாம். நமக்குச் சவுக்குக் கம்பும் கயிறும் போதும். மூலைக்கு ஒன்றாக நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டி, ஒரு மாதம் விட்டுவைக்கலாம். பஸ் ஸ்டாண்டிலிருந்தும், பள்ளிக்கூட வாசலிலிருந்தும், கீழே வயலிலிருந்தும், காலையிலும் சாயங்காலமும் ஊர்க்காரர்கள் நிமிர்ந்து பார்க்கட்டும்.